ஐந்துக்கு நான்கு போட்டால் என்ன தப்பு?

வாஷிங் மெஷின் பழுது பார்க்க வந்தவர் வேலையை முடித்து, ஒருமுறை தண்ணீர் ஏற்றி இறக்கிக் காட்டி, தரையில் சிந்தியதை அவரே துடைத்துவிட்டு, வாசலில் ஒரு காலில் மட்டும் ஷூவை மாட்டிக்கொண்டு தயங்கி நின்றார். "சார், நாளைக்கு ஆபீஸ்ல இருந்து கால் வரும். பத்துக்கு எவ்வளவு குடுப்பீங்கன்னு கேப்பாங்க. பத்துன்னு சொல்லிடுங்க சார். எட்டுன்னு சொன்னா எங்களுக்கு அது ஜீரோதான்." என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். அரை மணி நேரத்துக்கு முன்னால்தான் கழற்றிய பம்பை என் கையில் கொடுத்து, உடைந்த இறக்கையைத் தடவிக் காட்டி, இது ஏன் உடைந்தது, இனிமேல் பாக்கெட்டைப் பார்க்காமல் துணியைப் போட்டால் என்ன ஆகும் என்று வாத்தியார் மாதிரி வகுப்பெடுத்தவர். அதே ஆள் மார்க்குக்காக வாசலில் நின்றதைப் பார்க்க எனக்குத்தான் கூச்சமாக இருந்தது.

எட்டு எப்படி ஜீரோ ஆகும், கொஞ்சம் கூட்டிச் சொல்கிறார் என்றுதான் அப்போது நினைத்தேன். அப்புறம் தேடிப் பார்த்தால், அவர் சொன்னது கணக்குப்படியே சரி.

2003-இல் ஃபிரெட் ரைக்கெல்டு என்ற நிர்வாக ஆலோசகர் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். வாடிக்கையாளரிடம் நீளநீளமாகப் படிவம் கொடுத்து வதைக்க வேண்டாம், 'எங்கள் நிறுவனத்தை உங்கள் நண்பருக்குப் பரிந்துரைப்பீர்களா' என்று ஒரே கேள்வி கேட்டு 0 முதல் 10 வரை ஒரு எண்ணை வாங்கினால் போதும் என்பது அவர் வாதம். நெட் புரமோட்டர் ஸ்கோர் என்று பெயர். 9, 10 சொன்னவர்கள் ஒரு பக்கம், 0 முதல் 6 வரை சொன்னவர்கள் எதிர்ப்பக்கம். முதல் கூட்டத்தின் சதவீதத்திலிருந்து இரண்டாவது கூட்டத்தின் சதவீதத்தைக் கழித்தால் வருவதுதான் ஸ்கோர். 7, 8 சொன்னவர்கள் எங்கே போனார்கள்? தலை எண்ணும்போது மட்டும் இருப்பார்கள், கூட்டலிலும் இல்லை, கழித்தலிலும் இல்லை. ஆக எட்டு என்பது நிஜமாகவே பூஜ்யம், ஆறு என்றால் மைனஸ். பள்ளிக்கூடத்தில் பத்துக்கு ஆறு வாங்கியவன் பாஸ். பத்துக்கு எட்டு வாங்கியவனைப் பக்கத்து வீட்டுக்காரர்கூடப் பாராட்டுவார். அந்தப் பழக்கத்தில் வளர்ந்த நாம் நல்ல மனதோடு எட்டு சொல்லிவிட்டு, ஒருவருக்கு நல்லது செய்த திருப்தியில் போனை வைக்கிறோம்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. கேள்வி நிறுவனத்தைப் பற்றியது, மார்க் போய் உட்காருவது தரையைத் துடைத்தவர் தலையில். பம்ப் ஸ்டாக்கில் இல்லை என்று முதல் தடவை வந்தவர் திரும்பிப் போய்விட்டார்; நான்கு நாள் நான் துணியைக் கையால் துவைத்தேன். அந்தக் கடுப்புக்கு எட்டு என்ன, ஐந்துகூடச் சொல்லியிருப்பேன். அவர் வாசலில் நின்று கேட்காமல் போயிருந்தால் சொல்லியிருப்பேன் என்பதுதான் உண்மை.

டாக்சி, டெலிவரி ஆப்களில் ஐந்துக்கு இத்தனை என்று ஸ்டார் போடுவதும் இதே கதைதான். நாம் ஏதோ கருத்துச் சொல்கிறோம் என்று நினைத்துக்கொள்கிறோம். பிடித்தது, பிடிக்கவில்லை, சுமார், அவ்வளவுதானே என்று. அந்தப் பக்கம் அது மேலதிகாரியின் மதிப்பீடாகப் போய்ச் சேருகிறது. அடுத்த வேலை யாருக்குப் போக வேண்டும், இன்சென்டிவ் யாருக்கு, யாருடைய ஐடியை பிளாக் பண்ணுவது என்பதெல்லாம் அதை வைத்து முடிவாகிறது. முன்பெல்லாம் சூப்பர்வைசர் என்று ஒருவர் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்த வேலை இது. இப்போது சம்பளமும் கிடையாது, பயிற்சியும் கிடையாது, எத்தனை ஸ்டாருக்கு என்ன விளைவு என்று ஒரு வார்த்தையும் கிடையாது, அப்படியே நம் கையில் தள்ளிவிட்டிருக்கிறார்கள். சூப்பர்வைசருக்காவது அந்த ஆளின் பெயர் தெரியும், நேற்று அவர் குழந்தைக்குக் காய்ச்சல் என்று தெரியும். நமக்கு ஒரு சின்னப் புகைப்படமும் ஐந்து வெற்று நட்சத்திரங்களும்தான்.

நட்சத்திரம் என்பதே முதலில் மனிதர்களுக்கு வந்ததல்ல. மிஷலின் என்ற பிரெஞ்சு டயர் கம்பெனி தன் பயணக் கையேட்டில் உணவகங்களுக்கு ஸ்டார் கொடுக்கத் தொடங்கியது 1926-இல். ஒன்று, இரண்டு, மூன்று என்ற அடுக்கு 1931-இல் வந்தது. அதற்கென்றே சம்பளம் வாங்கும் ஆட்கள், யார் என்று காட்டிக்கொள்ளாமல் போய்ச் சாப்பிட்டுப் பார்த்து முடிவு செய்வார்கள். அங்கே ஒரே ஒரு ஸ்டார் கிடைத்தாலும் சமையல்காரருக்கு அது கொண்டாட்டம். ஆப்புக்கு வந்தபோது இது தலைகீழாகிவிட்டது. ஐந்தும் ஏற்கெனவே உன்னிடம் இருக்கிறது, ஒவ்வொன்றாகப் பிடுங்குவோம் என்கிற ஏற்பாடு. இங்கே ஒரு ஸ்டார் வாங்கினால் அது திட்டு.

கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். ஊபர் நிறுவனத்தின் உள் ஆவணம் ஒன்று வெளியே கசிந்து 2015-இல் செய்தியானது. ரேட்டிங் 4.6-க்குக் கீழே போனால் ஓட்டுநரின் கணக்கை முடக்குவது பற்றி யோசிப்பார்கள் என்று அதில் இருந்தது. இந்த வரம்பு இடத்துக்கு இடம் மாறும், ஆனால் ஐந்துக்கு 4.6 என்பதன் பொருள் என்ன என்று பாருங்கள். பத்துப் பேரில் ஒன்பது பேர் ஐந்து போட்டு, ஒரே ஒருவர் ஒன்று போட்டால் மொத்தம் 46, சராசரி சரியாக 4.6. அதாவது பத்தில் ஒன்பது பேர் முழுத் திருப்தி அடைந்த ஒருவர் விளிம்பில் நிற்கிறார். இன்னொரு ஓட்டுநருக்கு ஏறிய அத்தனை பேரும் 'நன்றாகத்தான் ஓட்டினார்' என்று மனமார நான்கு போட்டால்? அவர் சராசரி 4.0. ஒருவர்கூடக் குறை சொல்லவில்லை, ஆனாலும் வேலை போய்விடும். பழைய ஆட்களுக்கு இது கொஞ்சம் தாங்கும், ஏனென்றால் ஊபரில் ரேட்டிங் என்பது கடைசியாக ஸ்டார் வந்த 500 பயணங்களின் சராசரி. ஐந்நூறில் ஒரு ஒற்றை ஸ்டார் விழுந்தால் 0.008 தான் குறையும். புதிதாகச் சேர்ந்து பத்துப் பயணம் ஓட்டியவருக்கு அதே ஒற்றை ஸ்டார் இடி. பழகாத கை, வழி தெரியாத முதல் வாரம், அப்போதுதான் அடி பலமாக விழும்படி கணக்கு அமைந்திருக்கிறது. யாரும் வேண்டுமென்று அப்படிச் செய்யவில்லை, சராசரி என்பதன் குணமே அதுதான்.

ஒருமுறை சிக்னலில் நின்றபோது ஓட்டுநர் ஒருவர் கேட்காமலேயே போனைத் திருப்பிக் காட்டினார். "போன வாரம் 4.81 சார். இப்போ 4.79." நான் அது நல்ல ரேட்டிங்தானே என்றேன். அவருக்கு அது பதிலாகவே படவில்லை. "யாருன்னு தெரியல சார்" என்றார். சிக்னல் விழுந்தது, வண்டி நகர்ந்தது, அவர் மட்டும் இன்னும் அங்கேயே இருந்தார். பின்சீட்டில் சண்டை போட்டுக்கொண்டே வந்த கணவன் மனைவியா, ஏசியைக் குறைக்கச் சொல்லி ஒருவரும் கூட்டச் சொல்லி ஒருவரும் ஏறினார்களே அவர்களா, இல்லை எதிர்ப்பக்கம் நிறுத்தச் சொல்லி இவர் முடியாது என்றதும் கதவை ஓங்கிச் சாத்திவிட்டுப் போன ஆளா? ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே வந்தார். யார் போட்டது என்று ஆப் சொல்லாது. அது பயணியின் பாதுகாப்புக்காக, நியாயமான ஏற்பாடுதான். எதற்காகப் போட்டார்கள் என்பதாவது தெரிகிறதா என்றால், பாதி நேரம் அதுவும் இல்லை. குற்றம் என்ன என்று தெரியாமல் தண்டனை மட்டும் தெரிந்தால் மனிதன் என்ன செய்வான்? எல்லாவற்றையும் மாற்றிப் பார்ப்பான். பேச்சைக் குறைப்பான், அப்புறம் பேசாததுதான் தப்போ என்று பேச ஆரம்பிப்பான். பாட்டை நிறுத்துவான், வாசனை பாட்டில் வைப்பான், சார்ஜர் ஒயர் வைப்பான். எதிர்ப்பக்கம் நிறுத்தச் சொன்னால் இனிமேல் நிறுத்தியும் விடுவான். அங்கேதான் எனக்குக் கவலை, ஏனென்றால் சரியாக நடந்துகொண்டதற்கே மார்க் குறைந்தது என்ற சந்தேகம் வந்துவிட்டால் அடுத்த முறை விதியை மீறுவதுதான் புத்திசாலித்தனம் என்று ஆகிவிடும்.

முகத்தை விற்பது பற்றியும் சொல்ல வேண்டும். ஆர்லி ஹோக்ஷீல்டு என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் விமானப் பணிப்பெண்களை நெருங்கிப் பார்த்து, சிரிப்பும் பொறுமையும்கூட இந்த வேலையில் சம்பளத்துக்குச் செய்யும் உழைப்புதான் என்று 1983-இல் எழுதினார். உணர்ச்சி உழைப்பு என்று இன்று எல்லோரும் சொல்வது அங்கிருந்து வந்தது. மூட்டை தூக்கினால் தோள் வலிக்கும், நாள் முழுக்கச் சிரித்தால் எது வலிக்கும் என்பதுதான் கேள்வி. அப்போது சிரிப்பைக் கண்காணிக்க ஒரு சூப்பர்வைசர் விமானத்தில் எப்போதாவது ஏறுவார். இப்போது டாக்சியில் ஏறும், டெலிவரி வாங்கும் ஒவ்வொருவர் கையிலும் மார்க் ஷீட். திட்டியவரிடமும் கடைசியில் 'ஃபைவ் ஸ்டார் போட்டுடுங்க மேடம்' என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். டெலிவரிக்கு வருபவர்களோடு பேசிப் பார்த்தால், மழையைவிட, மாடிப்படியைவிட, இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்வதுதான் கஷ்டம் என்பவர்கள் உண்டு. வேலை செய்து முடித்துவிட்டு யாசகம் கேட்பதுபோல் இருக்கிறது என்பார்கள். கேட்காமல் விட்டாலோ, திருப்தியாக இருந்தவர் ஆப்பைத் திறந்து ஸ்டார் போட மெனக்கெட மாட்டார். கடுப்பானவர் மட்டும் மறக்காமல் போடுவார்.

சரி, அப்படிப் போடும் ஸ்டார் எதைத்தான் அளக்கிறது? என் கதையையே சொல்கிறேன். ஒரு ராத்திரி, ஆர்டர் ஐம்பது நிமிடம் தாமதம், பசி, வந்த பையில் குழம்பு கொட்டியிருந்தது. மூன்று ஸ்டார் போட்டேன். ஒன்று போடாமல் மூன்று போட்டதே பெருந்தன்மை என்று நினைப்பு. சாப்பிட்டு முடித்த பிறகு சும்மா ஆர்டர் விவரத்தைத் திறந்து பார்த்தேன். உணவகத்தில் தயாரானதே நாற்பது நிமிடம் கழித்து. வண்டியில் வந்தது பத்து நிமிடம். குழம்பு டப்பாவின் மூடி சரியாக மூடாதது, அதை மூடியவர் வேறு யாரோ. மூன்று ஸ்டார் யாருக்குப் போனது? எனக்குத் தெரிந்த ஒரே முகம், கதவைத் தட்டிய முகம். அதற்குத்தான் போனது. திருத்தலாமா என்று தேடினேன், அந்த ஆப்பில் அப்படி ஒரு பட்டன் இல்லை.

தாமதம், விலை, ஆப்பின் கோளாறு, டிராஃபிக், இவையெல்லாம் சேர்ந்த எரிச்சலைக் கடைசியில் எதிரே நிற்கும் ஆள்மேல் கொட்டுகிறோம். எதிரே நிற்பவர் எப்போதும் கடைசியில்தான் வருகிறார் என்பதும் ஒரு காரணம். டேனியல் கானமன் என்ற உளவியலாளரும் கூட்டாளிகளும் 1993-இல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. ஆட்களை 14 டிகிரி குளிர்ந்த தண்ணீரில் 60 நொடி கையை வைக்கச் சொன்னார்கள். இன்னொரு முறை அதே 60 நொடி, கூடவே இன்னும் 30 நொடி, ஆனால் அந்த 30 நொடியில் தண்ணீர் மெல்ல 15 டிகிரிக்கு ஏறும். திரும்பச் செய்ய வேண்டுமென்றால் எதைச் செய்வீர்கள் என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் நீளமான, மொத்தத்தில் அதிகம் வலித்த இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார்கள். முடிவு கொஞ்சம் இதமாக இருந்தது, அது போதும். ஒரு மணி நேரப் பயணமோ அரை மணி நேர வேலையோ, நம் மனதில் நிற்பது கடைசி நிமிடம். சில்லறை இல்லை என்று சொன்ன நிமிடம், லிஃப்ட் வேலை செய்யாத நிமிடம்.

முகம், பேச்சு, சாயல் இவற்றின் பங்கு இன்னும் மோசம். 1920-இலேயே எட்வர்ட் தார்ன்டைக் என்ற உளவியலாளர், ராணுவ அதிகாரிகள் தங்கள் ஆட்களுக்குப் போட்ட மதிப்பெண்களை எடுத்துப் பார்த்தார். உடற்கட்டு, அறிவு, தலைமைப் பண்பு, ஒழுக்கம் என்று தனித்தனியாகத்தான் போட்டிருந்தார்கள், ஆனால் ஒன்றில் உயர்ந்தவர் எல்லாவற்றிலும் உயர்ந்திருந்தார், நம்ப முடியாத அளவுக்கு. ஆள் பார்க்க மிடுக்காக இருந்தால் அறிவும் கூடிவிடுகிறது. ஆளைப் பழகித் தெரிந்த அதிகாரிகள் கதியே இது என்றால், பத்து நிமிடம் பார்த்த நமக்கு?

பாலினம் பற்றி ஒரு சின்ன ஆய்வு, 2015-இல் அச்சானது, மொத்தமே 43 மாணவர்கள். சிறியதுதான், ஆனால் மறக்க முடியாதது. ஆன்லைன் வகுப்பு, மாணவர்கள் ஆசிரியர் முகத்தைப் பார்ப்பதில்லை. ஒரு ஆண், ஒரு பெண், இருவரும் ஆளுக்கு இரண்டு குழுக்களுக்குப் பாடம் எடுத்தார்கள், ஒன்றில் சொந்த அடையாளத்தில், இன்னொன்றில் மற்றவரின் அடையாளத்தில். விடைத்தாள்களைத் திருத்தி எல்லாக் குழுக்களுக்கும் ஒரே நேரத்தில் திருப்பிக் கொடுத்தார்கள். 'ஆசிரியர் உரிய நேரத்தில் திருத்தித் தந்தாரா' என்ற கேள்விக்கு, ஆண் என்று நினைக்கப்பட்டவருக்கு ஐந்துக்கு 4.35, பெண் என்று நினைக்கப்பட்டவருக்கு 3.55. கடிகாரத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டிய பதில் அது, அன்பு, அணுகுமுறை மாதிரி மனம் போன போக்கில் சொல்வதுகூட இல்லை. இப்போது இந்த 0.8 வித்தியாசத்தை மேலே சொன்ன 4.6 வரம்போடு சேர்த்துப் பாருங்கள்.

ஒரு முதலாளி தன் ஊழியரை நிறத்துக்காகவோ பேச்சு வழக்குக்காகவோ வேலையை விட்டு நிறுத்தினால் பல நாடுகளில் சட்டம் பாயும். வாடிக்கையாளர்கள் அதே காரணத்துக்காக ஆளாளுக்கு ஒரு ஸ்டார் குறைத்து, அந்தச் சராசரியைக் காட்டி நிறுவனம் நிறுத்தினால்? அப்போது யாரையும் பிடிக்க முடியாது, நிறுவனம் எண்ணைத்தான் பார்த்தது. அலெக்ஸ் ரோசன்பிளாட்டும் உடன் ஆய்வாளர்களும் ஊபரை வைத்து இந்த ஓட்டையைப் பற்றி 2017-இல் விரிவாக எழுதினார்கள். எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் உறுத்துவது இதுதான். நம் ஒவ்வொருவரின் சின்னச் சின்ன வெறுப்பும் தனியாகப் பார்த்தால் ஒன்றுமில்லாதது, கூட்டிப் பெருக்கினால் ஒருவருடைய பிழைப்பு.

இதற்கெல்லாம் நம் ஜனங்கள் கண்டுபிடித்த வைத்தியம் ஒன்று உண்டு: கண்ணை மூடிக்கொண்டு ஐந்து. பாவம், பிழைப்பு, போட்டுவிடுவோம். உலகம் முழுக்க இதுதான் நடக்கிறது. யூடியூபில் முன்பு வீடியோவுக்கு ஐந்து ஸ்டார் முறை இருந்தது. கிட்டத்தட்ட எல்லாமே ஐந்துதான் வருகிறது, நடுவில் இருக்கும் ஸ்டார்களுக்கு வேலையே இல்லை என்று 2009-இல் அவர்களே சொல்லிவிட்டு, அடுத்த வருடம் பிடித்தது, பிடிக்கவில்லை என்று மட்டும் சொல்லும் கட்டைவிரலுக்கு மாறினார்கள். ஆன்லைனில் ஆட்களை வேலைக்கு எடுக்கும் சந்தை ஒன்றை ஃபிலிப்பாஸ், ஹார்ட்டன், கோல்டன் என்ற மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் பல வருடத் தரவோடு பார்த்தார்கள். சராசரி ரேட்டிங் வருடா வருடம் ஏறிக்கொண்டே போய் உச்சியில் முட்டிக்கொண்டு நின்றது. வேலையின் தரம் உயர்ந்ததை மட்டும் வைத்து அந்த ஏற்றத்தை விளக்க முடியவில்லை. வேலை செய்தவரின் கண்ணில் படாமல், நிறுவனத்துக்கு மட்டும் போகும் ரகசிய மதிப்பீடும் அங்கே கேட்கப்பட்டது. வெளியே ஐந்து போட்டவர்களில் சிலர் உள்ளே வேறு மாதிரி எழுதியிருந்தார்கள். மனிதர்கள்தானே, ஒருவர் முகத்துக்கு நேரே அவர் சோற்றில் மண்ணைப் போட யாருக்கும் மனசு வராது.

ஆனால் எல்லோரும் ஐந்து போடப் போட, நான்கு என்பது இன்னும் பெரிய அடியாகிறது. இரக்கத்தில் போட்ட ஐந்துகள் சேர்ந்துதான் அந்த 4.6 வரம்பைத் தாங்கிப் பிடிக்கின்றன. இதற்கு என்ன செய்வது என்று எனக்கும் தெரியவில்லை, நானும் ஐந்துதான் போடுகிறேன்.

அதற்காக ரேட்டிங்கே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. ராத்திரி பதினொரு மணிக்கு முன்பின் தெரியாதவர் வண்டியில் தனியாக ஏறும் பெண்ணுக்கு அந்த எண் ஒரு பிடிமானம். சிபாரிசு இல்லாத, தெரிந்தவர் இல்லாத புது ஊரில் ஒரு எலக்ட்ரீஷியன் வேலை பிடிப்பதற்கும் அதே எண்தான் கைகொடுக்கிறது. ஈபே என்ற ஆன்லைன் சந்தை 1996-இல் ஆரம்பித்து வைத்த வழக்கம் இது. முகம் தெரியாதவருக்குப் பணம் அனுப்பிவிட்டுப் பொருள் வருமா என்று காத்திருந்த காலம், ஒருவரைப் பற்றி ஒருவர் எழுதிவைக்க ஒரு இடம் கொடுத்தார்கள், நம்பிக்கை வந்தது. அப்போது இரண்டு பக்கமும் எழுதலாம். நடந்தது என்னவென்றால், வாங்கியவர் குறை எழுதினால் விற்றவர் பதிலுக்குக் குறை எழுதிப் பழிவாங்கினார், அதற்குப் பயந்து வாங்குபவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். 2008-இல் விற்பவர் வாங்குபவருக்குக் கெட்ட மதிப்பீடு போட முடியாது என்று ஈபே மாற்றிவிட்டது. தங்குவதற்கு வீடு வாடகைக்குப் பிடித்துத் தரும் ஏர்பிஎன்பி 2014-இல் வேறு வழி கண்டது: இருவரும் எழுதி முடிக்கும்வரை, அல்லது கெடு முடியும்வரை, ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்க முடியாது. எனக்கு இது பிடித்த ஏற்பாடு.

டாக்சி ஆப்களில் ஓட்டுநரும் பயணிக்கு ஸ்டார் போடுகிறார், சமம்தானே என்று சிலர் கேட்பார்கள். ஊபர் 2019-இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் ரேட்டிங் மிகவும் குறைந்த பயணிகளை நீக்கலாம் என்று அறிவித்ததும் உண்மை. ஆனால் என் ரேட்டிங் குறைந்தால் நான் இன்னொரு வண்டி பிடிப்பேன். அவர் ரேட்டிங் குறைந்தால் வண்டிக்குத் தவணை கட்ட முடியாது. இதில் சமம் எங்கே வந்தது?

சட்டம் இப்போதுதான் மெல்ல எட்டிப் பார்க்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் ஆப், இணையதளம் வழியாகச் செய்யும் வேலைகளுக்கான ஒரு வழிகாட்டு ஆணையை நிறைவேற்றியது. உறுப்பு நாடுகள் 2026 டிசம்பர் 2-க்குள் தங்கள் சட்டத்தில் இதைக் கொண்டுவர வேண்டும். ஒருவரின் கணக்கை முடக்குவது, நிறுத்துவது போன்ற முடிவை மென்பொருள் தானாக எடுக்கக் கூடாது, ஒரு மனிதர் எடுக்க வேண்டும், காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்கிறது. இன்னொரு சங்கதியும் அதில் இருக்கிறது, அதிகம் பேசப்படாதது: தன் ரேட்டிங், தன்னைப் பற்றிய மதிப்புரை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வேறு தளத்துக்குப் போகும் உரிமை. ஐந்து வருடம் ஒரு ஆப்பில் மழையிலும் வெயிலிலும் சேர்த்த 4.9 அந்த ஆப்போடு போய்விடுகிறது, இன்னொன்றில் சேர்ந்தால் முதல் நாள் பையன்தான். பழைய காலத்தில் முதலாளியிடம் ஒரு நற்சான்றிதழாவது வாங்கிக்கொண்டு போகலாம்.

சட்டம் வரும்வரை நாம் என்ன செய்வது என்றால், நான் செய்வதைச் சொல்கிறேன், இது சரியென்று சாதிக்க மாட்டேன். கோபம் இருக்கும்போது ஸ்டார் பக்கமே போவதில்லை. சாப்பிட்டுவிட்டு, தூங்கி எழுந்து, அப்புறம்தான். இது அந்த ஆள் கையில் இருந்த விஷயமா என்று ஒரே கேள்வி. இல்லையென்றால் ஐந்து போட்டுவிட்டு, நிறுவனத்தின் புகார்ப் பெட்டி எங்கே ஒளித்து வைக்கப்பட்டிருக்கிறது என்று தேடுவேன். சில ஆப்களில் காரணம் கேட்கிறார்கள், டிராஃபிக் என்றோ விலை என்றோ தேர்ந்தெடுத்தால் ஓட்டுநர் கணக்கில் சேர்ப்பதில்லை. அந்தப் பட்டியல் இருந்தால் கட்டாயம் பயன்படுத்துவேன். ஆள் கையில் இருந்த சின்னத் தப்பு என்றால் நேரிலேயே சொல்லிவிடுவேன், 'அண்ணே, மெதுவா போங்க' என்று. போனில் மெதுவாகப் பேசினால் போதும் என்று ஒருவரிடம் சொன்னதற்கு அவர் நன்றி சொன்னார், நிஜமாகவே. குடித்துவிட்டு ஓட்டுவது, தப்பாகப் பேசுவது, தொடுவது, மிரட்டுவது என்றால் இரக்கமே கிடையாது. அங்கே ஸ்டார் போதாது, எழுத்தில் புகார், தேவைப்பட்டால் போலீஸ். எல்லாவற்றுக்கும் சும்மா ஒன்று போட்டுக்கொண்டிருந்தால் நிஜமான புகார் அந்தக் குப்பையில் மறைந்துவிடும் என்பதும் ஒரு காரணம். நன்றாகச் செய்தவருக்கு ஸ்டாரோடு இரண்டு வரி எழுதுவேன். 'தரையைத் துடைத்துவிட்டுப் போனார்' என்று எழுதினால் அது அவர் செய்ததைப் பற்றி, 'சூப்பர்' என்று எழுதினால் அது ஒன்றைப் பற்றியும் இல்லை.

அந்த வாஷிங் மெஷின் கால் மறுநாள் வந்தது. ஒரு பெண், எழுதி வைத்ததைப் படிக்கிற குரல், அவருக்கும் இந்தக் காலுக்கு ஒரு மார்க் இருக்கும். எத்தனை என்று கேட்டார், பத்து என்றேன். "வேற ஏதாவது சொல்ல விரும்பறீங்களா சார்?" டெக்னீஷியன் அருமையாக வேலை செய்தார், ஆனால் பம்ப் ஸ்டாக்கில் இல்லாமல் நான்கு நாள் ஆனது, அதை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். கொஞ்ச நேரம் கீபோர்டு சத்தம், அப்புறம் அதுவும் நின்றது.

"அதுக்குத் தனியா இடம் இல்ல சார். டெக்னீஷியன் பேர்லதான் ஏத்த முடியும். ஏத்தட்டுமா?"

வேண்டாம் என்றேன்.